பலகைக்கு அங்காலை

முடிக்கப்படாத ஒரு பாதையில் நடப்பவன் எதுவரை நடக்கலாம்? பலகை நட்ட இடத்தோடு நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லும். கால் போகுமட்டும் போகலாம் என்று கால் சொல்லும். இதற்குள் என்ன பெரிய மெய்யியல் கிடக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஆனால் பலகை நட்ட பாதையால் மட்டும் நடந்து இந்த நாடுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? வந்து சேர்ந்தபின் ஒழுங்கான பாதையின் அருமை பெருமைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம் என்பது வேறு விடயம்.

நாங்கள் என்று இங்கு எழுதுவது ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் நிற்கும் நான்கு பேரை. மூத்தவர் எண்பதுகளில் வந்தவர். கொத்துரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்று நின்று அவருடைய வலது தோள் இறங்கிவிட்டது. அடுத்தவர் யாழ். பல்கலைக்கழகத்தில் மெய்யியலை இரண்டாம் வருடத்தோடு விட்டவர். இதை எழுதும் கை அவருடையது. மூன்றாமவர் அதிகம் பேசமாட்டார், கறிச்சட்டிகள் அவர் பொறுப்பு. கடைசித் தம்பி வந்து இரண்டு வருடம். கோப்பை கழுவுகிறார். அவருடைய கேஸ் இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

திங்கட்கிழமை கடை பூட்டு. உலகத்துக்கு ஞாயிறு எப்படியோ அப்படி எங்களுக்குத் திங்கள். அந்த நாளில் சனங்கள் எல்லாம் வேலைக்குப் போய்விடுவார்கள், போய்ப் பார்க்க ஒரு வீடு இராது. அப்படித்தான் ஓடைக்கரைக்குப் போகத் தொடங்கினோம்.

ஹைலண்ட் கிறீக் என்பது ஸ்காபரோவின் வீடுகளுக்கும் கடைத்தொகுதிகளுக்கும் பின்னால் பள்ளத்தில் ஓடி ஒன்ராறியோ ஏரியில் விழும் ஓடை. ஓடை என்று இந்த ஊரவர்கள் சொல்கிறார்கள். மாரிக்கு மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலில் விழும் வழுக்கியாற்றையே ஆறு என்று பாடமாக்கிய எங்களுக்கு இது ஆறுதான். புரட்டாதி கடைசியில் சமன் மீன்கள் இதில் எதிர்நீச்சல் போட்டு வரும். ரின்னுக்குள் மட்டும் சமனைக் கண்டிருந்த நாங்கள் முதல் தடவை பார்த்தபோது வாயடைத்து நின்றோம். ஒரு கை நீள மீன், முதுகு வெளியில் தெரியும் தண்ணீரில், கல்லோடு உரசி உரசி ஏறுகிறது. பிறகு விசாரித்தால் அதுவும் வந்தேறு குடிதான். இந்த ஏரிக்குச் சொந்தமான சமன் இனம் 19ம் நூற்றாண்டு முடிவதற்குள் அழிந்து போயிற்று. இப்போது ஏறுகிறவை பெரும்பாலும் பசுபிக் சமுத்திரத்து சின்னூக். 1960களின் கடைசியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. அவற்றிடம் யாரும் பேப்பர் கேட்டதில்லை.

இந்தக் கரைகளில் பாதை எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1954 ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி ரொறொன்ரோவுக்கு மேலால் போனது. ஒன்ராறியோவில் 81 பேர் செத்தார்கள். நகரின் மேற்கே ஹம்பர் ஆற்றங்கரையில் றேமோர் டிரைவ் என்ற ஒரேயொரு தெருவில் மட்டும் 35 பேர். அதற்குப் பிறகுதான் ஆற்றுப் பள்ளங்களில் வீடு கட்ட விடக்கூடாது என்ற புத்தி வந்தது. 1957இல் அதற்கென்று ஒரு அதிகாரசபை அமைத்து, வெள்ளம் ஏறக்கூடிய காணிகளை வாங்கிப் பொதுவாக்கினார்கள். இன்று நாய் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்களும் சைக்கிள் ஓடுகிறவர்களும் அனுபவிக்கும் பாதைகள் அந்த 81 பேரின் பேரில் கிடைத்தவை என்று சொன்னால் பிழையில்லை.

ஆனால் எல்லாக் காணியும் பொதுவாகவில்லை. இடையிடையே தனியார் துண்டுகள் அப்படியே கிடக்கின்றன. மோர்னிங்சைட் பூங்காவுக்கு மேற்கே ஓடை ஒரு தனியார் கோல்ப் மைதானத்துக்குள்ளால் வருகிறது. ஓடையைத் தடுக்க ஆளில்லை. கரையில் வருகிறவன் தெருவுக்கு ஏறிச் சுற்ற வேண்டும். வேறு இடங்களில் காசு முடிந்திருக்கும், அல்லது ஓடையே கொண்டுபோயிருக்கும். 2005 ஓகஸ்ட் 19 மழையில் இந்தப் பள்ளத்தில் கழிவுநீர்க் குழாயே உடைந்தது, பாதை எம்மாத்திரம்?

குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. பாதையோரம் இடைக்கிடை வட்ட இரும்பு மூடிகள் தெரியும். வீடுகளினதும் கடைகளினதும் கழிவுநீர் அதற்குக் கீழால்தான் ஏரிக்கரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. தம்பி ஒருநாள் மூடியில் காது வைத்துக் கேட்டுவிட்டு, ‘அண்ணை, நாங்கள் கழுவின தண்ணி எங்களுக்கு முன்னம் போகுது’ என்றார். நாங்கள் போகமுடியாத இடத்தாலும் அது போகிறது.

இனி விடயத்துக்கு வருவோம். ஓடையின் ஒரு கிளையில் தார்ப்பாதை திடீரென்று முடிகிறது. ‘பாதை முடிவு’ என்று ஒரு பலகை. அதற்கு அங்காலை ஒற்றையடிப்பாதை ஒன்று பற்றைக்குள் போகிறது. கொஞ்சத் தூரத்தில் கம்பி வேலி. வேலியில் ஆள் குனிந்து போகக்கூடிய ஓட்டை. அப்பால் மண் சரிந்த கரை, அதைக் கடந்தால் மறுபடி தார்ப்பாதை. எல்லாமாக முந்நூறு நானூறு அடி இருக்கும். தெருவால் சுற்றினால் முக்கால் மணித்தியாலம். இடத்தைச் சரியாகச் சொல்லப் போவதில்லை. காரணம் பின்னால் விளங்கும்.

முதல்நாள் மூத்தவர் ஓட்டையைக் கண்டதும் சிரித்தார். ‘பொட்டு!’ என்றார். யாழ்ப்பாணத்தில் கதியால் வேலியில் பொட்டு இல்லாத வீடு எது? அடுத்த வீட்டுக்கு நெருப்பெடுக்கப் போவதும், கறி மாறுவதும், நடுச்சாமத்தில் சாவு சொல்ல ஓடுவதும் அதால்தான். படலை ஊருக்கு, பொட்டு உறவுக்கு. சண்டை வந்தால் முதலில் அடைபடுவதும் அதுதான். நாங்கள் மூவரும் குனிந்து போனோம். தம்பி பலகையடியில் நின்றுவிட்டார்.

‘நான் வரேல்லை அண்ணை. எனக்குக் கேஸ் கிடக்கு.’

ஒன்ராறியோவில் அத்துமீறல் பற்றிய சட்டம் இருக்கிறது. வேலியடைத்த காணிக்குள் அறிவித்தல் இல்லாவிட்டாலும் போகக்கூடாது. மரத்தில் சிவப்பு வட்டம் பூசியிருந்தால் உள்ளே வராதே என்று பொருள்; மஞ்சள் என்றால் சிலவற்றுக்கு மட்டும் அனுமதி. தண்டம் பத்தாயிரம் டொலர் வரை போகலாம். உண்மையில் அவ்வளவு யாரும் போடமாட்டார்கள், ஒரு ரிக்கற்றால் கேஸ் கெட்டுப்போகாது என்றும் விடயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் கேஸ் கிடக்கிறவனுக்குப் பொலிஸ்காரனோடு பேர் சொல்லிக் கதைப்பதே ஒரு கேஸ். எங்களுக்குப் பாஸ்போட் இருந்தது, ஆகவே எங்களுக்கு அது ஒரு பகிடி. ஒரே வேலி, ஆளுக்கு ஆள் உயரம் வேறு.

அன்று குசினிக்குத் திரும்பிய பிறகு தொடங்கிய விவாதம் மாதக்கணக்கில் ஓடியது. வெங்காயம் உரிக்கும்போதும் அதுதான், தாச்சி உரஞ்சும்போதும் அதுதான்.

மெய்யியலைப் பாதியில் விட்டவருக்குக் காண்ட் ஞாபகத்துக்கு வந்தார். உன் செயலை எல்லாரும் செய்தால் என்னவாகும் என்று கேட்டுப்பார் என்பது காண்டின் சோதனை. எல்லாரும் பொய் சொன்னால் பொய்யே செல்லாக்காசாகிவிடும், ஆகவே பொய் பிழை. நல்லது. ஆனால் பாதை விடயத்தில் இந்தச் சோதனை தலைகீழாக நிற்கிறது. ஒருவன் பற்றைக்குள்ளால் நடந்தால் அது அத்துமீறல். நூறு பேர் நடந்தால் ஒற்றையடிப்பாதை. எல்லாரும் நடந்தால் நகரசபை வந்து தார் ஊற்றி, வாங்கு போட்டு, மேயர் நாடா வெட்டுவார். எல்லாரும் செய்வதால் பிழை சரியாகிவிடுகிற விசித்திரமான செயல் இது. குற்றம் முழுவதும் முதல் நடந்தவன் தலையில், சுகம் முழுவதும் கடைசியில் வருபவன் காலில்.

சட்டங்களும் இதை ஒரு மாதிரி ஒப்புக்கொண்டுதான் இருக்கின்றன. இலங்கையில் 1871ம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி பத்து வருடம் தடையில்லாமல் ஒரு வழியைப் பாவித்தால் வழியுரிமை கேட்கலாம். நம் ஊர்க் கோடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்த ஒழுங்கை வழக்குகள் எல்லாம் இதை வைத்துத்தான். இங்கிலாந்தில் பொதுசனம் இருபது வருடம் நடந்தால் நடைபாதை பொதுவாகும். ஒன்ராறியோவிலோ காணிப்பதிவு முறைக்குள் வந்துவிட்ட நிலத்தில் எத்தனை வருடம் நடந்தாலும் உரிமை முளைக்காது. புதிய நாடு, கால்களின் ஞாபகத்தை அது பதிவேட்டில் ஏற்றுவதில்லை. ஏற்றினால் பிரச்சினை என்பதும் தெரிந்திருக்கும். இதே ஓடையின் அயலில், லோறன்ஸ் தெருவுக்குக் கிட்ட, ரேபர் ஹில் என்றொரு மேடு வீடுகளுக்கு நடுவில் நிற்கிறது. 1956இல் தெரு வேலைக்கு மண் அள்ளப்போனபோது உள்ளே ஐந்நூறுக்கு மேற்பட்ட மனிதர்களின் எலும்புகள்; பல நூறு ஆண்டுகளுக்கு முன் வென்டாற் மக்கள் தங்கள் இறந்தவர்களை ஒன்றாகச் சேர்த்துப் புதைத்த இடம். அவர்களும் இந்த ஓடைக்கரையால் நடந்திருப்பார்கள். முதல் வெள்ளைக் குடியேறிகளான தோம்சன் குடும்பம் இங்கே வந்தது 1796இல். யார் யாருடைய காணிக்குள் அத்துமீறியது என்று கணக்கெடுத்தால் சிவப்புப் பூச்சு காணாது.

இதைக் கேட்டு மூத்தவருக்கு உற்சாகம் வந்தது. அப்படியானால் எங்கள் நடை நியாயம்தானே என்றார். ஊர்ப் பெருமையும் தொடங்கியது. மற்றவர் இடைமறித்தார். நம் ஊர் ஒழுங்கைகளில் பலகை இல்லைத்தான். ஆனால் யார் நடக்கலாம், யார் சால்வையை இறக்கி ஒதுங்க வேண்டும் என்று பலகை இல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே விடு என்று சனங்கள் குந்தியிருந்தது எந்தப் பலகைக்கு எதிராக? பொட்டு உறவுக்கு என்றால், உறவில்லாதவனுக்கு அது வேலிதான். மூத்தவர் அன்று அதற்குமேல் பேசவில்லை. நல்ல மனிதர், யோசிப்பார்.

காடு கெடும் என்ற வாதமும் வந்தது. அது சிறிய வாதமல்ல. சித்திரை கடைசியில் இந்தப் பள்ளத்தில் வெள்ளை றிலியம் பூக்கும். மூன்று இதழ், ஒன்ராறியோவின் பூ. ஒரு விதை பூவாக ஏழு வருடம், சிலவேளை அதற்கும் மேல் எடுக்கும். மிதிபட்டால் பல வருட உழைப்பு ஒரு காலடியில் போய்விடும். ஏழு வருடம் கேஸ் இழுபட்டவர்களை நாங்கள் அறிவோம். ஆகையால் மூன்றாமவர் சொன்னதை ஏற்றுக்கொண்டோம்: நடந்தால் ஏற்கனவே நடந்த தடத்திலேயே நடப்பது, அகலப்படுத்துவதில்லை.

இவ்வளவும் நடந்தவன் செய்தது சரியா பிழையா என்ற கேள்வி. மார்கழியில் கேள்வியே மாறிற்று.

முதல் பெரிய பனி விழுந்த அடுத்தநாள் திங்கட்கிழமை. நாங்கள் மூவரும் போனோம். பனிக்கு முன் ஒற்றையடிப்பாதை தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும். பனியில் எங்கள் மூன்று பேரின் சப்பாத்துத் தடம் கோடு கீறியதுபோல் பொட்டுக்குப் போய், சரிந்த கரையால் இறங்கி, மறுபக்கம் ஏறியது. அடுத்த திங்கள் போய்ப் பார்க்கிறோம், எங்கள் தடத்தின்மேல் பத்துப் பதினைந்து தடங்கள். அதிலொன்று சின்னக் கால், ஐந்தாறு வயதுப் பிள்ளையினது. தடம் சரிவுக்கு இறங்குகிறது. இறங்கும் இடத்தில் பனி கண்ணாடியாகி வழுக்கிக் கிடக்கிறது. கீழே ஓடை, மேலே மெல்லிய ஐஸ். பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. சின்னத் தடம் மறுபக்கம் ஏறியிருந்தது. ஆனால் நாங்கள் அதில் நின்றுகொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தோம்.

அந்தப் பிள்ளையைக் கூட்டிவந்தவருக்கு எங்கள் கால்கள் என்ன சொல்லியிருக்கும்? ‘இதால் போகலாம், நாங்கள் போனோம்’ என்றுதானே. எந்த வயதில், எந்தச் சப்பாத்தோடு, எங்கே வழுக்கி எதைப் பிடித்தோம் என்று கால்தடம் சொல்லாது. இங்குள்ள சட்டத்தில், காசு கட்டாமல் நடைபாதையில் நடப்பவன் ஆபத்தைத் தானே விரும்பி ஏற்றுக்கொண்டவனாகக் கருதப்படுவான் என்று ஒரு ஏற்பாடு உண்டு. விரும்பி ஏற்பதற்கு முதலில் ஆபத்து என்னவென்று தெரிய வேண்டாமா?

அன்றிரவு மூத்தவர் கொம்படியைப் பற்றிச் சொன்னார். அவருடைய தமக்கை குடும்பம் வந்த பாதை. 1990க்குப் பிறகு ஆனையிறவு அடைபட, யாழ்ப்பாணத்துச் சனம் கொம்படி–ஊரியான் பக்கத்தால் சேற்றுக்குள்ளும் தண்ணிக்குள்ளும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வன்னிக்குப் போனது. அதுவும் முடியாமற் போக, கிளாலிக் கடலால் இரவில் படகில். 1993 ஜனவரி 2 அன்று கடலில் வைத்துச் சனங்களைக் கடற்படை சுட்டுக் கொன்றது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அதன் பிறகும் சனம் அதே கடலால்தான் போனது, வேறு பாதை இல்லை. ‘ஆனா ஒண்டு,’ என்றார் மூத்தவர். ‘போய்ச் சேர்ந்த சனம் திரும்பி வாற சனத்துக்கு எல்லாம் சொல்லும். எந்த நேரம் வெளிக்கிடு, எங்கை இருத்தி வைப்பாங்கள், பிள்ளைக்கு என்ன குடு எண்டு. பயத்தையும் சேர்த்துத்தான் சொல்லும்.’

வெளிநாடு வந்த நாம் அப்படிச் சொன்னோமா? வீட்டுக்கு அனுப்பிய படங்களில் நாம் எதற்குப் பக்கத்தில் நின்றோம் என்று யோசித்துப் பார்க்கலாம். கார், பூந்தோட்டம், பனி. கோப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பிய ஒருவரையாவது இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் காட்டட்டும். நம் கடிதங்களும் பிறகு நம் தொலைபேசிகளும் பனியில் விழுந்த தடம் மாதிரி: இன்னார் போய்ச் சேர்ந்தார். இடையில் கிடந்த சரிவு அதில் இல்லை. அந்தத் தடத்தை மிதித்துத் தம்பிமாரும் மச்சான்மாரும் வந்தார்கள். வந்து சேராதவர்களும் உண்டு.

பாதையை மூடிவிட்டால் பிரச்சினை தீரும் என்பது அரசாங்கங்களின் மறுமொழி. கியூபெக்கில் றொக்ஸம் வீதி என்றொரு நாட்டுப்புறத் தெரு அமெரிக்க எல்லையில் ஒரு சின்னப் பள்ளத்தோடு முடிந்தது. 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ‘பாதுகாப்பான மூன்றாம் நாடு’ ஒப்பந்தம் உத்தியோகபூர்வச் சாவடிகளுக்கே பொருந்தியதால், தரைவழியாகச் சாவடியில் போய் அகதி என்றவனைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பினார்கள். பள்ளத்தைக் கடந்தவனைக் கைது செய்து கேஸ் எடுத்தார்கள். இங்கே கடப்பது சட்டவிரோதம் என்று பலகையும் நின்றது. அதை வாசித்துவிட்டுத்தான் 2017 தொடக்கம் ஆயிரமாயிரம் பேர் கடந்தார்கள். 1951ம் ஆண்டின் அகதிகள் சாசனம் 31ம் பிரிவில், உயிராபத்திலிருந்து நேரே வந்து தாமதமில்லாமல் தன்னை ஒப்புக்கொடுப்பவனைக் கள்ளமாக நுழைந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்றிருக்கிறது. பலகைக்கு அங்காலை போகவேண்டி வருபவனும் இருக்கிறான் என்று உலகம் ஒருமுறை எழுத்தில் ஒப்புக்கொண்டது. 2023 மார்ச் 25இலிருந்து ஒப்பந்தத்தை முழு எல்லைக்கும் நீட்டினார்கள். பதினான்கு நாளுக்குள் பிடிபட்டாலோ விண்ணப்பித்தாலோ திருப்பலாம். ஆக, தாமதமில்லாமல் ஒப்புக்கொடுப்பவனைத் திருப்பி அனுப்பவும், பதினான்கு நாள் பற்றைக்குள் ஒளித்திருப்பவனைக் கேட்டுப் பார்க்கவும் ஒரு விதி அன்று வந்தது. காண்ட் 1795இல் நிலையான சமாதானத்தைப் பற்றி எழுதியபோது, பூமி உருண்டை, மனிதர் முடிவில்லாமல் விலகிப்போக இடமில்லை, ஆகவே வந்தவனை அவன் அழிந்துபோவான் என்றால் திருப்பக்கூடாது என்று வாதித்தார். அவர் தங்கும் உரிமையைக் கொடுக்கவில்லை, வந்துபோகும் உரிமையோடு நிறுத்திக்கொண்டார். அதுவே இன்று பெரிய காரியமாகத் தெரிகிறது.

மறுபக்கமும் உண்டு. 2022 ஜனவரியில் மனிடோபா எல்லையில் எமர்சன் என்ற ஊருக்குக் கிட்ட, குஜராத்திலிருந்து வந்த ஒரு தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் அமெரிக்காவுக்கு நடந்துபோகும் வழியில் உறைந்து செத்தார்கள். கடைசிப் பிள்ளைக்கு மூன்று வயது. இருட்டில், பனிப்புயலில், இதால் நடக்கலாம் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆள்கடத்தியதற்காக இருவரை மினசோட்டாவில் ஜூரிமார் 2024 நவம்பரில் குற்றவாளிகள் என்றார்கள். ஆனால் அந்தத் தகப்பனுக்கு நம்பிக்கை கொடுத்தது ஏஜென்சிக்காரனின் வாய் மட்டும்தானா? அவனுக்கு முன் போய்ச் சேர்ந்தவர்களின் படங்களும் கொடுத்திருக்குமோ?

ஆகவே எங்கள் கேள்வி இப்படி வந்து நின்றது: பலகைக்கு அங்காலை போனவன் காணிச் சொந்தக்காரனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான் என்பது இரண்டாம் பட்சம். பின்னால் வருபவனுக்கு அவன் என்ன கடன்பட்டிருக்கிறான்? தமிழில் நாங்கள், நாம் என்று இரண்டு உண்டு. கேட்பவனை வெளியில் விட்டு ஒன்று, உள்ளே சேர்த்து ஒன்று. யாழ்ப்பாணப் பேச்சில் ‘நாம்’ அநேகமாக வழக்கொழிந்து, இரண்டுக்கும் நாங்கள்தான். நடந்தபோது நாங்கள் மூன்று பேர். தடம் விழுந்த பிறகு அந்தச் சின்னக் காலும் சேர்ந்துவிட்டது.

மூத்தவர் அடையாளம் வைக்க வேண்டும் என்றார். கரை சரியும் இடத்தில் ஒரு தடி நட்டு, குசினித் துவாயின் சிவப்பு ஓரத்தைக் கிழித்துக் கட்டுவது, கவனம் என்று. தம்பி ஒத்துக்கொள்ளவில்லை.

‘நீங்கள் போறதெண்டால் போங்கோ. அடையாளம் வையாதையுங்கோ. அடையாளம் கண்டால் சனம் இது பாதைதான் எண்டு நினைக்கும்.’

‘இப்பவும் அப்பிடித்தானே நினைக்குது?’

‘இப்ப சும்மா கால்தடம். துணி கட்டினால் ஆரோ பொறுப்பெடுத்திருக்கினம் எண்டு நம்பும்.’

இருவரிலும் நியாயம் இருந்தது. அடையாளம் வைக்காமல் விட்டால் ஆபத்தை மறைக்கிறோம். வைத்தால் அழைக்கிறோம். கடைசியில் துணி கட்டினோம், ஆனால் சரிவில் அல்ல. பொட்டுக்கு இங்காலை, திரும்பிப் போகக்கூடிய இடத்தில். நுழைந்தபின் எச்சரிப்பதில் என்ன பயன்? ஏஜென்சிக்காரன் கடலின் நடுவில் வைத்துத்தான் படகு ஓட்டை என்று சொல்லுவான். துணியைக் கண்டு எத்தனை பேர் திரும்பினார்கள் என்று தெரியாது. மாசியில் அது பனிக்குள் புதைந்துவிட்டது, பங்குனியில் மறுபடி தெரிந்தது.

சித்திரையில் தம்பிக்கு விசாரணைத் திகதி வந்தது. அவருடைய படிவத்தில் வந்த வழி கேட்டிருந்தார்கள்: எந்த எந்த நாடு, எப்படி, யார் உதவினார்கள். வழக்கறிஞர் எல்லாவற்றையும் உள்ளபடி எழுது, பிறகு மாறினால் நம்பமாட்டார்கள் என்றிருக்கிறார். தம்பி எழுதினார், ஒரு இடம் தவிர. அந்த ஒரு இடத்தில் ஒரு வீடு இருக்கிறது. காசு வாங்காமல் ஏழு நாள் வைத்திருந்து, சாப்பாடு தந்து, அடுத்த எல்லைக்கு வழி சொன்ன வீடு. இப்போதும் அதால் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள். அந்த வீட்டை எழுதினால் அது அடைபடலாம். எழுதாமல் விட்டு விசாரணையில் ஏழு நாளும் எங்கே என்று கேட்டால் கதையில் ஓட்டை விழும்.

அன்று குசினியில் வெங்காயம் உரித்தபடி அவர் இதைக் கேட்டபோது, மாதக்கணக்காக வாதாடிய எங்களுக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. பலகை, பொட்டு, தடம், துணி என்று ஓடைக்கரையில் நாங்கள் பேசியதெல்லாம் நாலுபேரின் பொழுதுபோக்கு. இது அவருடைய உயிர், அவருக்குப் பின்னால் வருகிறவர்களின் உயிர்.

மெய்யியலை விட்டவர் காண்டின் பேச்சை எடுக்கவில்லை. உண்மையைச் சொல்லு என்று காண்ட் சொல்லுவார்; வாசலில் கொலைகாரன் வந்து நண்பன் எங்கே என்று கேட்டாலும் சொல்லு என்று எழுதியவர் அவர். விசாரணை அறையில் இருப்பவர் கொலைகாரன் அல்ல. நண்பனும் அல்ல.

மூத்தவர்தான் கடைசியில் பேசினார். அந்த வீட்டுக்காரரிடம் கேட்க ஏதும் வழியிருக்கிறதா என்றார். அவர்களின் பாதை அது. திறப்பதும் மூடுவதும் அவர்களைக் கேட்டுத்தானே? தம்பியிடம் ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது, இரண்டு வருடம் பழையது. மூன்று இரவு எடுத்துப் பார்த்தார். நாலாம் இரவு ஒரு பெண் எடுத்தா. என்ன கதைத்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்தநாள் வழக்கறிஞரிடம் போய்ப் படிவத்தில் ஒரு பந்தி சேர்த்துவிட்டு வந்தார்.

ஓடைப் பக்கம் போன திங்கட்கிழமை போனோம். றிலியம் பூத்துக் கிடந்தது. பொட்டுக்குக் கிட்ட, தலையில் செம்மஞ்சள் பூசிய சின்ன மரக்கட்டைகள் நிலத்தில் அடித்திருந்தார்கள். பாதைக்கு அளக்கிறார்களா, குழாய்க்கா, புது வேலிக்கா, கட்டையில் எழுதியிருந்த இலக்கங்களிலிருந்து விளங்கவில்லை. எங்கள் துணியை யாரும் கழற்றவில்லை. தம்பி பலகையடியில் நின்று இலக்கங்களை என்னவென்று வாசிக்கச் சொல்லிக் கேட்டார், நாங்கள் இங்காலையிருந்து உரத்துச் சொன்னோம்.

விசாரணை ஆவணியில் ஒரு திங்கட்கிழமை. கடை பூட்டு, ஆகவே நாலு பேரும் போகிறோம். எங்களை உள்ளே விடமாட்டார்களாம். வெளியில் கதிரை இருக்கிறதாம்.